ஒரு ராஜ்யம், இரண்டு மவுஸ்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் யார் கில்லாடி என்கிற வழக்கு எங்கள் ஹாஸ்டல் விங்கில் 2004-லேயே தீர்ந்துபோன ஒன்று. கடைசி அறை மெக்கானிக்கல்காரன்தான். அவனுக்கு டியூட்டன்ஸ் இனம் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் மெஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம் என்பார்கள். டாலஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 1999-இல் வெளியிட்ட கணினி ஆட்டம் அது. எங்களுக்குக் கிடைத்தது சீனியர் ஒருவர் விட்டுப்போன, கீறல் விழுந்த சி.டி. ஜன்னல் கம்பி வழியாக அறைக்கு அறை நீல நிற லேன் கேபிள் ஓடும். ஐ.பி. முகவரியை வராந்தாவில் நின்று ஒருவன் கத்துவான், மற்றவர்கள் தட்டிக்கொள்வார்கள்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது: முப்பது நிமிஷம் நோ ரஷ். அரை மணி நேரத்துக்கு யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. பிளாக் ஃபாரஸ்ட் என்ற மேப்பைத்தான் எடுப்போம்; நாலாபுறமும் அடர்ந்த காடு, நுழைய ஒன்றிரண்டு சந்துதான். அந்தச் சந்திலும் சுவர் எழுப்பிவிட்டு, உள்ளே கோட்டை, பண்ணை, கோயில் என்று நிம்மதியாகக் கட்டிக்கொண்டிருப்போம். பிறகு ஒரு பெரிய படையைத் திரட்டிக்கொண்டு போய் மோதுவோம். மெக்கானிக்கல்காரன் நான்கைந்து ட்ரெபுசே இயந்திரங்களை வரிசையாக நிறுத்திக் கல் வீசுவான். இதைத்தான் போர்த்தந்திரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆட்டத்துக்கு இருபது வயதானதை ஒட்டி 2019 நவம்பரில் புதுக்கிய பதிப்பு வந்தது. அடுத்த சில மாதங்களில் ஊரடங்கு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவன் ஆரம்பித்து வைக்க, வழுக்கையும் தொந்தியுமாக ஏழெட்டுப் பேர் மறுபடி கூடினோம். அதில் ஒருவன் இ.சி.இ.காரன். ஹாஸ்டலில் அவன் எப்போதும் அணி பிரிக்கும்போது கடைசியாகக் கூப்பிடப்படும் ஆள். அமைதியானவன். இந்த இடைப்பட்ட வருடங்கள் முழுக்க அவன் இணையத்தில் இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. 2006-இல் மூடப்பட்ட எம்.எஸ்.என். கேமிங் ஸோனில் கொஞ்ச நாள், அதன் பிறகு வூப்ளி என்ற தளத்தில். ராத்திரி வெளிநாட்டு கால் இருக்கிறது என்றுதான் அவன் வீட்டில்கூட நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

முதல் ஆட்டத்தின் பத்தாவது நிமிஷம் தாண்டியதும் என் மரவெட்டிகள் நடுவே மூன்று ஸ்கவுட் குதிரைகள் புகுந்தன. பக்கத்து ராஜ்யத்து மெக்கானிக்கல்காரனும் அதே நேரத்தில் அலறினான். ஹெட்ஃபோனில் எல்லோரும் ஒரே குரலில், “டேய், நோ ரஷ்டா!”

“அடடா, அப்படி ஒரு ரூல் இருந்துச்சுல்ல,” என்றான் இ.சி.இ.காரன். உண்மையிலேயே மறந்துபோயிருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். முப்பது நிமிஷம் ஒரு அம்புகூட வரவில்லை. முப்பத்தோராவது நிமிஷம் வந்தது. ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த மக்கள்தொகை 200. அவனிடம் 200-உம் இருந்தது. எல்லா மேம்பாடும் செய்து முடித்த படை. எங்களில் யாரும் நூறைத் தொடவில்லை. முந்தைய ஆட்டத்தில் பத்து நிமிஷத்தில் செத்தது எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது. சமாதான காலம் பலவீனமானவனைக் காப்பாற்றும் என்று நாங்கள் நம்பிய சட்டம், உண்மையில் பலசாலிக்குத்தான் அரை மணி நேரம் இலவசமாகத் தருகிறது. ஹாஸ்டலில் அது பலித்ததற்குக் காரணம், அங்கே எல்லோருமே ஒரே அளவுக்கு மோசமாக ஆடியதுதான்.

பிறகு என்னென்னவோ செய்து பார்த்தோம். அவன் ஒருவன், நாங்கள் மூவர். தோற்றோம், மூன்று பேர் சேர்ந்து தோற்பது தனியாகத் தோற்பதைவிடக் கேவலமாக இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் சதவீதக் கணக்கில் கூடுதல் வேகத்தில் வேலை செய்யும் ஹேண்டிகேப் வசதி ஒன்று பின்னால் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு முறை ஜெயித்தோம். யாரும் வாயே திறக்கவில்லை. அவனும் எங்களுக்காகத் தடவித் தடவி ஆடிப் பார்த்தான். அது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மெக்கானிக்கல்காரனுக்கு ஆபீஸில் வேலை அதிகமாகிவிட்டது. இன்னொருவன் வீட்டில் நெட் சரியில்லை. குழுவில் மறுபடி பிறந்தநாள் வாழ்த்துகளும் குட்மார்னிங் படங்களும் மட்டும் வர ஆரம்பித்தன.

நான் மட்டும் விடவில்லை. அவன் என்னதான் செய்கிறான் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கேட்டேன். “ஒண்ணுமில்ல மச்சி, டி.சி. சும்மா நிக்காம பாத்துக்கோ, அவ்வளவுதான்,” என்றான். வித்தையைச் சொல்லித்தர மனசில்லாமல் மழுப்புகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

டி.சி. என்பது டவுன் சென்டர், ஊரின் நடுவே இருக்கும் பெரிய கட்டடம். வேலை செய்யும் வில்லேஜர்கள் அதிலிருந்துதான் வருவார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும்போது மூன்று வில்லேஜர், ஒரு ஸ்கவுட், கையில் 200 உணவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. இணையத்தில் ஆட்டக் கடிகாரம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால் நம் கைக்கடிகாரப்படி அது பதினைந்து விநாடிக்கும் குறைவு. அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு சேர வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் டி.சி.யை ஒரு விநாடிகூடச் சும்மா விடமாட்டார். எட்டாவது நிமிஷத்துக்குள் பதினெட்டு பேரை உருவாக்கி, அவர்களுக்குத் துணி நெய்யும் தறி ஆராய்ச்சியையும் முடித்து, அடுத்த யுகத்துக்கான பட்டனை அழுத்திவிடுவார். அதே நேரத்தில் எங்களிடம் பத்துப் பேர் இருந்தால் பெரிய விஷயம். ஆட்டை அறுக்கும் ஒரு வில்லேஜர் நிமிஷத்துக்குச் சுமார் 20 உணவு கொண்டுவருகிறான். இரண்டரை நிமிஷத்தில் தன் விலையை அடைத்துவிட்டு, அதற்குமேல் வருவதெல்லாம் அடுத்தவன் பிறக்க உதவுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு. முதல் ஐந்து நிமிஷத்தில் விட்ட ஒரு ஆள் இருபதாவது நிமிஷத்தில் எத்தனை ஆளாகக் குறைகிறான் என்று பார்த்தால், ட்ரெபுசேயை எங்கே நிறுத்துவது என்ற எங்கள் பெரிய பெரிய விவாதமெல்லாம் எதற்கு என்று தோன்றும்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு பெங்களூரில் அவன் ஃபிளாட்டுக்குப் போயிருந்தபோது அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையைப் பார்க்கவில்லை, இடது கையைத்தான் பார்த்தேன். எச் தட்டினால் டி.சி. தேர்வாகும், க்யூ தட்டினால் வில்லேஜர் ஒருவன் வரிசையில் சேர்வான். செய்ய ஒன்றுமில்லாத நேரத்திலும் அந்த இரண்டு விரல்கள் எச், க்யூ, எச், க்யூ என்று போய்வந்தபடி இருந்தன. நடுநடுவே முற்றுப்புள்ளி விசை, அது ஓ.பி. அடித்துக்கொண்டிருக்கும் வில்லேஜரைக் கண்டுபிடித்துக் காட்டும். ஒரு கட்டத்தில் அவன் வில்லாளிகளும் எதிராளியின் வில்லாளிகளும் மோதிக்கொண்டார்கள். நானாக இருந்தால் கடைசி அம்பு விழும்வரை கண்ணை எடுத்திருக்கமாட்டேன். அவன் இரண்டு விநாடி பார்த்தான், ஆட்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான், உடனே ஊருக்குள் போய் இரண்டு வீடு கட்டச் சொன்னான், மறுபடி சண்டைக்கு வந்தான். அந்த வீடுகளைப் பற்றி ஆட்டம் முடிந்ததும் கேட்டேன். “எந்த வீடு?” என்றான்.

அப்போதுதான் அவன் என்னிடம் மழுப்பவில்லை என்று புரிந்தது. பழகியவனுக்கும் புதியவனுக்கும் நடுவில் இருப்பது ராஜதந்திரம் அல்ல, வீட்டு வேலை. செய்கிறவனுக்கே கண்ணில் படாத வேலை. கண்ணில் படாததால் அவனால் சொல்லித்தரவும் முடிவதில்லை. சொல்லத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே வரிதான்; அந்த வரி சரியும்கூட.

உலக அளவில் ஆடுகிறவர்களிடம் இந்தக் கைப்பழக்கம் கையெழுத்து மாதிரியே ஆகிவிடுகிறது. அமெரிக்க வர்ணனையாளர் டி90 நடத்தும் ஹிடன் கப் போட்டியில் முன்னணி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை மறைத்துக்கொண்டு வரலாற்று மாந்தர் பெயர்களில் ஆடுவார்கள். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. இருந்தும் இது நார்வேக்காரர் தி வைப்பர், இது கனடாக்காரர் ஹெரா என்று ரசிகர்கள் ஆடும் விதத்தை வைத்தே ஊகித்துக்கொண்டிருப்பார்கள். அதே டி90 மட்டமான ஆட்டக்காரர்களின் ஆட்டங்களுக்கென்றே தனியாக ஒரு தொடர் நடத்துகிறார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும். சுவருக்குள் தன்னையே பூட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்பவர்களை அங்கே பார்க்கலாம். எங்கள் ஹாஸ்டல் நினைவு வரும்.

நானும் முன்பின் தெரியாதவர்களோடு ஆட ஆரம்பித்தேன். அங்கே ஒரு ஆச்சரியம். இந்த இடைவெளி அந்நியர்களுக்கு நடுவே ஒரு பிரச்சினையே இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு எண் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த கணக்கு அது. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும் ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் கூடுதல் உள்ளவர் நான்கில் மூன்று ஆட்டம் ஜெயிப்பார். 400 என்றால் பதினொன்றில் பத்து. கணினி இதைப் பார்த்து நமக்குச் சமமான ஆளாகத் தேடிக் கொண்டுவந்து உட்கார வைக்கும். பாதி ஜெயிப்போம், பாதி தோற்போம். முன்னணிக்காரர்கள் 2500-க்கு மேலே எங்கோ இருப்பார்கள். அவர்கள் நம் கண்ணில்கூடப் படமாட்டார்கள்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. புதிதாக வருகிற யாராக இருந்தாலும் 1000 என்ற எண்ணைக் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். இருபது வருடத்துக்கும் மேல் பழைய ஆட்டத்தில் 1000 என்பது அடிமட்டம் அல்ல, நடுமட்டம். அங்கே இருப்பவன் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுபவன், யூடியூபில் பார்த்து எந்த ஆளை எப்போது எந்த ஆட்டிடம் அனுப்புவது என்று மனப்பாடம் செய்தவன். புதியவன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை படிப்படியாக உருண்டு விழ வேண்டும். வரிசையாக உதை. என் ஊகம், ஆட்டத்தை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாடிப்படியில்தான் ஓடுகிறார்கள். கீழே போய்ச் சேர்ந்தால் அங்கேயும் ஒருவன் புதுக் கணக்கு திறந்துகொண்டு, வேண்டுமென்றே தோற்றுக் கீழே இறங்கி வந்து நம்மை மேய்ந்துவிட்டுப் போவான். ஸ்மர்ஃப் என்று பெயர். 1990-களில் வார்கிராஃப்ட் 2 ஆட்டத்தில் யாரும் தங்களோடு ஆட வராததால் கெட்டிக்காரர்கள் ஸ்மர்ஃப் கார்ட்டூன் பெயர்களில் மாறுவேஷம் போட்டு ஆடியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அப்படி ஒருவன் என்னைச் சாய்த்துவிட்டு அரட்டைப் பெட்டியில் 11 என்று தட்டினான். இந்த ஆட்டத்தில் 11 என்று அடித்தால் ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

எப்படியோ 1000-க்குப் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் அக்கா மகன் வந்து சேர்ந்தான்.

மதுரையில் பதினொன்றாம் வகுப்பு. 2022 ஏப்ரலில் இந்தியப் பேரரசுகள் பற்றிய விரிவாக்கம் ஒன்று வந்தது; வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புது இனங்கள். திராவிடர்களுக்கு ராஜேந்திர சோழன் கதைத்தொடர், உறுமி வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல். அதே வருடம் பொன்னியின் செல்வன் முதல் பாகமும் தியேட்டருக்கு வந்துவிட்டது. பையனைக் கேட்க வேண்டுமா! “மாமா, நம்ம சோழர்கள வச்சு உலகத்தையே அடிக்கலாம்,” என்று போன் செய்தான். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மேப்பைப் பார்த்துத்தான் இனத்தை எடுப்பார்கள். திராவிடர்கள் தண்ணீரில் பலசாலிகள். திறந்தவெளித் தரைக்குத் தேவையான நைட் குதிரைப்படையே அவர்களுக்குக் கிடையாது. அவன் பாலைவன மேப்பில் சோழர்களை இறக்கிவிட்டு அடிமேல் அடி வாங்கினான்.

ஆட்டப் பதிவுகளை எனக்கு அனுப்பச் சொல்லி ஓடவிட்டுப் பார்த்தேன். டி.சி. ஐந்து பேருக்குத்தான் இடம் தரும். ஆரம்பத்திலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். உடனே 25 மரம் கொடுத்து ஒரு வீடு கட்டாவிட்டால் ஆறாவது ஆள் பிறக்க மாட்டான். திரை மேலே 5/5 என்று நிற்கிறது. நிற்கிறது. பையன் ஸ்கவுட் குதிரையை ஓட்டிக்கொண்டு எதிரியின் ஊரைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு வில்லேஜர் காட்டுப்பன்றியிடம் தனியாகப் போய் மாட்டிக்கொண்டு குத்துப்பட்டுச் சாகிறான். அந்தப் பன்றியை ஒரு அம்பு விட்டுக் கோபப்படுத்தி, துரத்த வைத்து, டி.சி. வாசலுக்கு இழுத்துவந்து ஆட்டை அறுப்பவர்களை எல்லாம் ஏவிவிட்டு முடிக்க வேண்டும், 340 உணவு கிடைக்கும். இதெல்லாம் ஆட்டத்திலேயே போர்க்கலை என்ற பயிற்சிப் பகுதியில் பதக்கம் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்.

வீடியோ காலில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். முதலில் தலையாட்டினான், அப்புறம் “ம்” கொட்டினான், அப்புறம் அதுவும் இல்லை. கடைசியில், “டி.சி. சும்மா நிக்கக் கூடாதுடா, அவ்வளவுதான்,” என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

“நீங்க ஆடுறத பாத்தா உங்களுக்கு ஜாலியாவே இல்லாத மாதிரி இருக்கு மாமா,” என்றான்.

பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு கணக்குப்பிள்ளை சோழ சாம்ராஜ்யத்தை நடத்துவதை அவன் பார்த்திருக்கிறான். அவன் வந்தது யானையை ஓட்ட.

இந்த ஆட்டத்தில் பழைய காலத்திலிருந்தே ஒரு வசதி உண்டு. ஹாஸ்டலில் நாங்கள் அதைத் தெரியாமல் தொட்டுவிட்டு, கோளாறு என்று நினைத்துத் திரும்ப மாற்றியிருக்கிறோம். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் இரண்டு பேர் ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே ராஜ்யம். ஒரே டி.சி., ஒரே கஜானா, இரண்டு மவுஸ். இருவரும் நீலத்தை எடுத்தோம். ஊர் எனக்கு, படை அவனுக்கு. எதிரே கணினி.

அவனுக்கு எதையும் நான் சொல்லித்தரவில்லை. சொல்லும் அவகாசமே இல்லை, ஏனென்றால் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

“மாமா, 800 உணவு இருந்துச்சே, எங்க போச்சு?”

“அடுத்த யுகத்துக்குப் போறோம்டா.”

“நான் அதுல வாள் வீரங்க எடுக்கலாம்னு இருந்தேன்! சொல்லிட்டு எடுக்க மாட்டீங்களா?”

மூன்றாவது நாலாவது ஆட்டத்தில், படைக்கு ஆள் வராமல் மக்கள்தொகை முட்டி நிற்பது யாரால் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். “உங்களாலதான் மாமா,” என்றான். மரம் வெட்டுபவர்களில் ஒருவனை எனக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வீடு கட்டினான். பன்றியை இழுத்துவரும் வேலையை ஒரு நாள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். அதில் குதிரை ஓட்டுவதுபோல ஒரு சாகசம் இருப்பதாக அவன் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. எனக்கும் ஒன்று தெரிந்தது. எங்கள் உறுமி வீரர்கள் பாய்ந்து விழுந்த வேகத்தில் சுற்றிலும் நிற்பவர்களை எல்லாம் சேர்த்து வெட்டுவார்கள் என்பதை நான் அதுவரை விவரப் பலகையில்தான் படித்திருந்தேன். அவன்தான் காட்டினான், “மாமா, இங்க பாருங்க, இங்க பாருங்க,” என்று. பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டி.சி. சும்மா நின்றது.

இந்தக் கதையை இ.சி.இ.காரனிடம் சொன்னேன். அடுத்த வாரமே குழுவில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே ஒரு அழைப்பு வந்தது. இரண்டு ராஜ்யங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். அவனுக்கு ஜோடி மெக்கானிக்கல்காரன் என்று நாங்களே முடிவு செய்தோம். எதிர்ப்பக்கம் நானும் இன்னொருவனும். இருவரும் சுமார் ரகம். ஒரு கஜானாவில் ஒருவன் ஒரு விநாடி வீணாக்காமல் சேர்க்க, இன்னொருவன் கண்மூடித்தனமாக அதை இறைக்க, கிட்டத்தட்ட எங்கள் நிலைமைக்கே வந்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, சதவீதம் போட்டுக்கொள்ளவும் இல்லை.

போன சனிக்கிழமை அவர்கள் தோற்றார்கள். பண்ணைக்கு என்று வைத்திருந்த மரம் முழுவதும் ட்ரெபுசேக்குப் போய்விட்டது என்கிறான் இ.சி.இ.காரன். ஒரு ட்ரெபுசேக்கு 200 மரம், 200 தங்கம். இன்னும் இரண்டு வாங்க விட்டிருந்தால் எங்கள் கோட்டை அப்போதே சரிந்திருக்கும் என்கிறான் மெக்கானிக்கல்காரன். இருவரும் இன்றைக்குக் காலை வரை குழுவில் அதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.